மன்னாருக்கு எத்தனை எழுத்து?

‘பக்கச்சார்பு’ என்ற சொல்லைக் கேட்டவுடனே எங்களுக்கு ஞாபகம் வருவது ஃபுட்போல் மட்ச் ரெஃப்ரிதான். மன்னாரில் பிறந்தவர்களுக்கு அப்படித்தான் வரும். அதுக்கு அடுத்ததாக, தன்ட சொந்தக்காரப் பிள்ளையை மட்டும் முன் வாங்கில் இருத்துகிற ரீச்சர். பிறகு, ஊர்ப்பெயரைக் கேட்டுவிட்டு ஃபைலை மூடி வைக்கிற ஒஃபிசர். இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு ஆள் இருப்பார். அவரைத் திட்டலாம், பெட்டிசம் எழுதலாம், குறைந்தபட்சம் ஃபேஸ்புக்கில் ஒரு போஸ்டாவது போடலாம்.

ஆனால் கொஞ்ச நாளாக எங்கட வாசிப்பு வட்டத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருப்பது வேற மாதிரியான பக்கச்சார்பைப் பற்றி. அதில் திட்டுவதற்கு ஆள் கிடைக்காது. எல்லாரும் நேர்மையாகத்தான் வேலை செய்திருப்பார்கள். ஆனாலும் கடைசியில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். தராசைப் பிடித்தவர் நல்லவர், தராசுதான் கோணல் என்கிற மாதிரி. பேசாலை, எருக்கலம்பிட்டி, தலைமன்னார், ரவுன், வங்காலை என்று ஐந்து இடத்திலிருந்து வருகிற நாங்கள் இதைப் பேசத் தொடங்கினால் நேரம் போவதே தெரியாது. பேசியதில் கொஞ்சத்தை இங்கே எழுதி வைக்கிறோம்.

ஃபோனுக்குள் இருக்கிற கோணல்

சின்ன விஷயத்திலிருந்து தொடங்குவோம். ‘மன்னார்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ம, ன், னா, ர். நாலு. ஆண்டு ஒன்றில் படிக்கிற பிள்ளையும் சொல்லும். ஆனால் உங்கள் ஃபோனைக் கேட்டால் ஏழு என்று சொல்லும். ம, ன, ஒரு புள்ளி, இன்னொரு ன, ஒரு அரவு, ர, இன்னொரு புள்ளி. புள்ளியையும் அரவையும் அது தனித்தனி ஆளாக எண்ணுகிறது.

எண்ணினால் எண்ணட்டும், அதில் என்ன என்று கேட்கலாம். எஸ்எம்எஸ் அனுப்பும்போதுதான் விலை தெரியும். ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் 140 பைட் அடங்கும். ஆங்கிலத்தில் எழுதினால் அதற்குள் 160 எழுத்துப் போடலாம். தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் போய்விடுவதால் 70 குறிதான். அந்த எழுபதிலும் புள்ளி, அரவு, கொம்பு எல்லாம் சேர்த்தி. ஆங்கிலத்தில் ஒரே மெசேஜில் முடிகிற புயல் எச்சரிக்கை தமிழில் இரண்டாக, மூன்றாக உடையும். சிக்னல் ஒரு கம்பியில் நிற்கிற கடற்கரையில் முதல் துண்டு வந்து இரண்டாம் துண்டு வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1980களில் ஐரோப்பாவில் இருந்து இந்த முறையை வடிவமைத்தவர்கள் தமிழுக்கு எதிரி இல்லை. அவர்கள் மேசையில் இருந்த மொழிகளுக்கு அளவு எடுத்தார்கள், அவ்வளவுதான். மேசையில் இல்லாதவன் பிறகு வந்து தைத்த சட்டைக்குள் தன்னை நுழைக்க வேண்டியிருக்கு.

வொய்ஸ் டைப்பிங்கும் இதே கதைதான். எங்களில் ஒருத்தி ‘சோழகம்’ என்று சொல்ல, ஃபோன் ‘சோழன்’ என்று எழுதியது. தென்மேற்கிலிருந்து வருகிற காற்றுக்கு இந்தக் கடற்கரை முழுக்க அதுதான் பெயர். அந்தக் காற்றை வைத்துத்தான் எங்கட ஆக்கள் எந்தப் பக்கக் கடலில் தொழில் செய்வது என்று முடிவெடுக்கிறார்கள். மெஷின் படித்த தமிழில் ராஜராஜன் இருக்கிறார், காற்று இல்லை.

இது சிரிப்பு. எல்லா இடத்திலும் சிரிப்பாக முடிவதில்லை. 2018இல் ஜோய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு ஆய்வாளர்கள் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லுகிற மூன்று கம்பனிகளின் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத்தோல் ஆண்களில் கூடியபட்சம் 0.8 சதவீதம்தான் பிழை. கறுத்த தோல் பெண்களில் 34.7 சதவீதம் வரை பிழை. பழக்கக் கொடுத்த படங்களிலும் சோதித்துப் பார்த்த படங்களிலும் யார் கூட, யார் குறைவு என்பதுதான் அங்கே முக்கியமான விஷயம்.

கொரோனா காலத்தில் எங்கள் எல்லாருடைய விரலிலும் ஒரு கிளிப் மாட்டி ஒட்சிசன் பார்த்தது ஞாபகம் இருக்கா? அது வெளிச்சத்தைத் தோலுக்குள்ளால் அனுப்பி அளக்கிற கருவி. 2020இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு, இரத்தத்தில் ஒட்சிசன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் அந்தக் கருவி ‘பரவாயில்லை’ என்று காட்டுவது வெள்ளைக்கார நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதலாக நடந்தது என்று காட்டியது. கருவிக்கு இனவெறி கிடையாது. ஆனால் அதைச் சரிபார்க்கப் பிடித்த விரல்களில் கறுத்த விரல்கள் போதாமல் இருந்திருக்கு. எங்கட விரல்களின் நிறத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

எண்ணாமல் விட்ட 31 வருஷம்

கருவியை விடுங்கள், கணக்கெடுப்பையே எடுப்போம். இலங்கையில் 1981இல் சனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. 1991இல் நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எடுத்தார்கள். மன்னார் அதில் இல்லை. வடக்கு கிழக்கின் மற்றைய பல மாவட்டங்களும் இல்லை. பிறகு 2012இல்தான் நாடு முழுக்க எண்ணப்பட்டது. அதாவது ஒரு தலைமுறை பிறந்து, வளர்ந்து, கலியாணம் முடித்துப் பிள்ளையும் பெற்ற காலம் முழுக்க மன்னாரில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று ஒரு முழுக் கணக்கு இல்லை.

அந்தக் காலத்துப் புள்ளிவிபர அட்டவணைகளைப் புரட்டினால் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு அடிக்கடி கண்ணில் படும்: வடக்கு கிழக்கு சேர்க்கப்படவில்லை. மேலே பெரிய எழுத்தில் ‘இலங்கை’ என்று இருக்கும். பேப்பரிலும் பேச்சிலும் மேல் வரிதான் போகும், அடிக்குறிப்பு போகாது. கஷ்டம் கூடின இடத்தை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி உண்மையைவிட வடிவாக இருக்க இடமிருக்கு.

இந்த 31 வருஷத்துக்குள் இன்னொன்றும் நடந்தது. 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிற எங்கள் நண்பரின் வீட்டில் உம்மாவும் வாப்பாவும் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். திரும்பி வந்தபோது “நீங்க எந்த ஊர் ஆக்கள்?” என்று இரண்டு இடத்திலும் கேட்டார்களாம். புத்தளத்தில் வந்தேறி, மன்னாரில் புதுசாக வந்தவர். எங்கட பக்கம் நடந்த அநியாயத்தைப் பேசும்போது வருகிற சத்தம், எங்கட பக்கத்தால் நடந்த அநியாயத்தைப் பேசும்போது மன்னாரில் அவ்வளவாக வருவதில்லை. அதுக்கும் பக்கச்சார்பு என்றுதான் பெயர்.

முத்தும் புழுவும்

பழைய கதை ஒன்று. சிலாவத்துறை, அரிப்பு, மரிச்சுக்கட்டிப் பக்கம் முத்துக்குளிப்பு நடந்ததை எல்லாருக்கும் தெரியும். அது வருஷா வருஷம் நடந்த ஒன்று என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கடலுக்கடியில் சிப்பி ஒரு காலம் குவியும், ஒரு காலம் காணாமல் போகும். 1891க்குப் பிறகு 11 வருஷம் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. வருமானம் போன கவலையில் பிரித்தானிய அரசாங்கம் 1902இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளரைக் கூட்டி வந்தது. அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகமாக வந்தது. நல்ல முத்து உருவாகிறதுக்குச் சிப்பிக்குள் போகிற ஒரு நாடாப்புழுவின் குடம்பிதான் பெரிய காரணம் என்று அதில் சொல்லப்பட்டது.

அந்த நேரம் பார்த்துச் சிப்பியும் திரும்பி வந்தது. 1903இலிருந்து வருஷா வருஷம் முத்துக்குளிப்பு. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். விஞ்ஞானமும் கையில் இருக்கு, சிப்பியும் கொட்டுது. 1906இல் லண்டன் முதலாளிகளின் கம்பனி ஒன்று முத்துப்பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907ஓடு சிப்பி மறுபடியும் காணாமல் போனது. பிறகு பல வருஷத்துக்கு ஒன்றும் இல்லை. கம்பனி கலைந்தது.

ஹேர்ட்மன் ஏமாற்றுக்காரர் இல்லை. கடலுக்கடியைக் கவனமாகப் பார்த்த மனிசன். கணக்குப் பிசகியது வேற இடத்தில். நாலைந்து நல்ல வருஷத்தைப் பார்த்து அதையே வழமை என்று எடுத்துக்கொண்டார்கள். முந்தைய நூறு வருஷத்தின் வெறும் வருஷங்கள் எல்லாம் அரசாங்கக் கொப்பியிலேயே இருந்தன. காசு வருகிற பக்கத்துக் கணக்கைத்தான் கண் வாசிக்கும். புழுக் கதையும் நிலைக்கவில்லை. சிப்பியின் மேல்தோல் கலங்கள் ஏதோ ஒரு காயத்தால் உள்ளே தள்ளப்பட்டு, அதைச் சுற்றி ஒரு பை உருவாகி முத்து வளர்கிறது என்றுதான் இப்போது சொல்கிறார்கள். புழு அந்தக் காயத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீங்களா, வெள்ளைக்காரன்ட விஞ்ஞானம் பொய், எங்கட ஆக்களுக்குத்தான் எல்லாம் தெரியும்’ என்று முடிப்பது சுகம். ஆனால் அதே முத்துக்குளிப்பில் ‘கடல்கட்டி’ என்று ஒருத்தர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவர் கரையில் இல்லாவிட்டால் சுழியோடிகள் இறங்க மாட்டார்கள். அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. சுறா கடிக்காத நாளெல்லாம் மந்திரம் வேலை செய்த நாள். கடித்தால், யாரோ முறை தவறிவிட்டார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் மந்திரம் பிழைக்காது. நாங்கள் ஏற்கெனவே நம்புவதற்குச் சாட்சி மட்டும் சேர்த்துக்கொள்கிற இந்தப் பழக்கம் பேராசிரியருக்கும் இருந்தது, கடல்கட்டிக்கும் இருந்தது. எங்களுக்கும் இருக்கு.

காற்றாடிக்கு என்ன தெரியும்?

2020 டிசம்பரில் தீவின் தெற்குக் கரையில் ‘தம்பபவனி’ காற்றாலை திறக்கப்பட்டது. 30 காற்றாடி, ஏறக்குறைய 100 மெகாவாட். மத்திய ஆசியாவிலிருந்து வருகிற பறவைகள் இறங்குகிற இடம் மன்னார். வங்காலை சரணாலயம் 2010இலிருந்து ராம்சார் பட்டியலில் இருக்கு. அதனால் பறவைக் கூட்டம் வருவதைக் கண்டால் காற்றாடியை நிறுத்துவதற்கு ரேடார் வைத்தார்கள். நல்ல விஷயம். பறவைகளுக்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள், பறவைகளை எண்ணி வைத்த பழைய கணக்கும் இருந்தது.

கரவலை இழுக்கிற ஒரு ஐயா எங்களிடம் சொன்னார்: “தம்பி, ரேடாருக்குக் கொக்கு தெரியும். எங்கட வலையில என்ன விழுந்தது எண்டு அதுக்குத் தெரியாதே.”

அவர் சொன்னதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. காற்றின் வேகத்துக்குக் கம்பம் நட்டு அளந்த கணக்கு இருக்கு. ஆனால் இந்தப் பாட்டில் 2015இல் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ சூடை விழுந்தது? அது சம்மாட்டியின் பழைய கொப்பியில் இருந்திருக்கலாம், வெள்ளத்தில் போயிருக்கலாம். முந்தைய கணக்கு இல்லாமல் ‘காற்றாடி வந்த பிறகு மீன் குறைந்தது’ என்று நிரூபிக்கவும் ஏலாது, ‘குறையவில்லை’ என்று நிரூபிக்கவும் ஏலாது. இப்படியான இடத்தில் யார் பேச்சு எடுபடும்? கோட் போட்டு, பவர்பொயின்ட்டோடு வருகிறவர் பேச்சுத்தான். அளக்காத சாமான் இல்லாத சாமான் ஆகிவிடுகிறது.

மேலிருந்து பார்க்கிற வரைபடத்தில் தீவு வெறும் மணல். கீழே நின்று பார்த்தால் பனை இருக்கு, வாடி இருக்கு, வலை காயப்போடுகிற இடம் இருக்கு, மழைத்தண்ணி ஓடிப்போகிற வழி இருக்கு. 2025 பெப்ரவரியில் அதானி கம்பனி தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியபோது ஊர் கொஞ்சம் மூச்சு விட்டது. பிறகு வேறு திட்டங்களின் வேலை தொடங்க, அந்த ஆகஸ்டில் ரவுனில் நாள்கணக்காகச் சனம் இருந்து போராடியது. ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னார். சனம் கேட்டதில் பெரும் பகுதி ஒரே கேள்விதான்: எங்களைக் கேட்டீங்களா?

அதே நேரம் எங்களுக்குள் நாங்கள் பேசிக்கொண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். மீன் குறைந்ததுக்குக் காற்றாடி ஒரு காரணமாக இருக்கலாம். இலங்கையில் 2017இலிருந்து சட்டப்படி தடை செய்யப்பட்ட இழுவைமடி, இந்தியாவிலிருந்து வருகிற டோலர்கள், கடல் சூடாவது எல்லாமும் இருக்கு. கண்ணுக்குத் தெரிகிற காரணத்தைத்தான் மனம் முதலில் பிடிக்கும். 30 காற்றாடி பகலும் இரவும் கண்ணுக்கு முன்னால் சுற்றுது. தண்ணியின் சூடு கண்ணுக்குத் தெரியாது. ஊர் பக்கம் நிற்பது என்றால் ஊர் சொல்வதை எல்லாம் அப்படியே சொல்வது என்று அர்த்தமில்லை. சரியான காரணத்தைப் பிடித்தால்தான் வழக்கு நிற்கும்.

ஆறு எலும்புத் துண்டு

இனி எழுதப்போவது எங்களுக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

2018இல் மன்னார் ரவுனுக்குள் நுழைகிற இடத்தில் சதொச கட்டடத்துக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. நீதிமன்ற உத்தரவில் தோண்டினார்கள். 300க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள், சின்னப் பிள்ளைகளும் உட்பட. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் அந்த வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் விடை வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலம்.

அன்றைக்கே ஊர் இரண்டாகப் பிரிந்தது. ‘விஞ்ஞானம் சொல்லிவிட்டது, கதை முடிந்தது’ என்று ஒரு பக்கம். ‘மாதிரியை மாற்றிவிட்டார்கள்’ என்று ஒரு பக்கம். கார்பன் எப்படி அளக்கப்படுகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

நாங்கள் தேடி வாசித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். உயிரோடு இருக்கிற எதிலும் கார்பன்-14 இருக்கும். செத்த பிறகு அது ஒரு கணக்கான வேகத்தில் குறையும். மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். ஆனால் கடலில் இருக்கிற கார்பன் பழசு, ஆழத்துத் தண்ணி நீண்ட காலம் காற்றைக் காணாமல் கிடக்கிறதால். அதனால் கடல் உயிர்கள் சராசரியாக 400 வருஷம் பழசாகக் காட்டும். மூன்று நேரமும் மீன் தின்கிற எங்களைப் போன்ற ஆக்களின் எலும்பும், எவ்வளவு மீன் தின்றோமோ அந்தளவுக்குக் கொஞ்சம் பழசாகக் காட்டும். எலும்பில் உள்ள வேறு கார்பன், நைதரசன் அளவுகளைப் பார்த்து இதைத் திருத்த வழி இருக்கு. கடற்கரைச் சனத்தின் எலும்பு என்றால் ‘மீனுக்குத் திருத்தினீர்களா?’ என்று கேட்பது நியாயமான கேள்வி.

அப்போ அந்த எலும்புகள் 1990களின் எலும்புகளாக இருக்கலாமா? இந்தத் திருத்தத்தால் அது நடக்காது. 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று கூடியது. அதுக்குப் பிறகு வாழ்ந்த எல்லாருடைய உடம்பிலும் அந்தக் கூடுதல் இருக்கும். ஆறு மாதிரியையும் பொறுத்தவரை, மீன் திருத்தம் சில நூறு வருஷத்தை அங்கே இங்கே நகர்த்தலாம், எங்கள் காலத்துக்குக் கொண்டுவராது. இதை எழுத எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் விருப்பமில்லாத விடையையும் எழுதி வைக்காவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அதோடு கதை முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 300க்கு மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதிரி போதுமா? எந்தப் படையிலிருந்து எடுத்தவை? காலம் தெரிந்தால் காரணம் தெரிந்துவிடுமா? 500 வருஷத்துக்கு முந்தையவர்கள் என்றே வைத்தாலும், இத்தனை பேர், பிள்ளைகளோடு, ஒரே இடத்தில் ஏன்? அவர்களும் எங்கட ஆக்கள்தானே. ‘பழசு’ என்ற ஒரே சொல் இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் மூட உதவியது. இன்னொன்று: ஒரு குழியின் விடை இன்னொரு குழிக்கு விடை ஆகாது. திருக்கேதீச்சரத்தில் 2013இல் வெளிப்பட்ட எலும்புகளுக்கும், 2025இல் செம்மணியில் தோண்டி எடுத்தவற்றுக்கும் தனித்தனியாகத்தான் பதில் தேட வேண்டும். ‘மன்னாரிலும் இப்படித்தான் சொன்னீங்க’ என்று ஒரு வரியில் ஒதுக்குவதும் பக்கச்சார்புதான்.

வேலிக்குப் பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் எங்களில் ஒருத்தியின் பெரியம்மா. விடை வந்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: “அது எங்கட பிள்ளையள் இல்லையெண்டால் சந்தோஷம். அப்ப எங்கட பிள்ளையள் எங்க?” அந்த ஆய்வுகூடத்திடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு அளவீடு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று முடிவெடுக்கிற இடத்தில் பெரியம்மா இருக்கவில்லை.

நாங்கள் இப்போது கேட்பது

ஒரு எண்ணோ, ஒரு ஆய்வோ, ஒரு ஆப்போ முன்னால் வந்தால் நாங்கள் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கிறோம். யாரை வைத்து அளந்தார்கள்? எதை அளக்காமல் விட்டார்கள்? விடை எங்களுக்குப் பிடித்த மாதிரி வந்திருந்தால் இதே கேள்விகளைக் கேட்டிருப்போமா? முதல் இரண்டும் மற்றவர்களுக்கு. மூன்றாவது எங்களுக்கு, அதுதான் கடிக்கும்.

கேள்வி கேட்பதோடு நிற்காமல் ஒரு வேலையும் தொடங்கியிருக்கிறோம். பேசாலைப் பக்கம் இரண்டு கரவலைப் பாட்டில், சம்மாட்டிமாரின் சம்மதத்தோடு, ஒரு சிஆர் கொப்பியில் தினமும் எழுதுகிறோம்: திகதி, என்ன காற்று, எத்தனை தரம் வலை வளைத்தது, என்ன மீன், எத்தனை கிலோ. மீன் விழாத நாளில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுகிறோம். அந்த நாளை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். ‘காற்று’ என்ற இடத்தில் சோழகம், வாடை, கொண்டல் என்றுதான் போடுகிறோம். நாலு வருஷம் கழித்து இந்தக் கொப்பி காற்றாடிக்கு எதிராகவும் பேசலாம், எங்களுக்கு எதிராகவும் பேசலாம். எது பேசினாலும் கிழிக்கக்கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

உங்கள் ஊரில் யாரும் எழுதி வைக்காத கணக்கு எது? கிணற்றுத் தண்ணி உப்பாகிய திகதியா, பஸ் வராத நாட்களா, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளா? ஒரு கொப்பி வாங்குங்கள். வெறும் நாட்களையும் சேர்த்து எழுதுங்கள்.